சித்தப்பா அசைந்த படம்

எங்கள் சித்தி வேலை பார்த்தது படத்தாள் தொழிற்சாலையில். அந்தக் காலத்தில் புகைப்படத் தாளுக்கு முட்டையின் வெள்ளைக்கருவைத்தான் பூசுவார்கள். நாள் முழுக்க முட்டை உடைத்து, வெள்ளையை அண்டாவிலும் மஞ்சளை வாளியிலும் விட வேண்டும். ஒரு சொட்டு மஞ்சள் தவறி விழுந்தால் அண்டா மொத்தமும் வீண். அதனால் சித்தி கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மிஞ்சிய மஞ்சள் வீட்டுக்கு வந்துவிடும். முட்டை என்ற பேச்சை எடுத்தாலே சித்தப்பா எழுந்து வெளியே போய்விடுவார்.

சும்மாவே அவருக்குக் கால் ஓரிடத்தில் நிற்காது. கப்பலில் கரி அள்ளும் வேலை கிடைத்ததும் மூன்று வருஷ ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்துவிட்டார். ஊருக்கெல்லாம் படத்தாள் செய்பவளிடம் புருஷன் படம் ஒன்றுகூடக் கிடையாது. முகமே மறந்துபோகுமோ என்று சித்திக்குப் பயம் பிடித்துக்கொண்டது. கப்பலேறுவதற்கு முந்தின நாள் அவரைக் கடைத்தெருவுக்கு இழுத்துப் போனாள்.

தெருவோரம் பெட்டியை நிறுத்தியிருந்த படக்காரர் கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை நீட்டினார்.

"வெளிச்சம் மங்கலா இருக்கு. மூடியை எடுத்ததும் பத்து எண்ணுவேன். மூச்சு விடலாம், அசையக் கூடாது."

"பத்தா? அதுக்குள்ள நான் ஒரு டீ குடிச்சிட்டு வந்துடுவேனே!" என்றார் சித்தப்பா.

"வாய மூடிக்கிட்டு நில்லுங்க" என்று சித்தி அதட்டினாள்.

படத்துக்காக அவர் பக்கத்தில் அவள் நின்ற நிலைக்குப் பிடித்துவைத்த பிள்ளையார் தோற்றுப்போவார். சித்தப்பாவும் ஐந்து வரைக்கும் நல்லபிள்ளையாக நின்றார். ஆறில் திரும்பிவிட்டார். எங்கள் வீட்டு ஆண்கள் எவனுக்கும் பத்து எண்ணும்வரை நிற்கத் தெரியாது, என்னையும் சேர்த்துத்தான்.

"ஏங்க திரும்பினீங்க?" படக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

"இவ அசையாம நிக்கிறாளான்னு பார்த்தேன்."

இன்னொன்று எடுப்பதற்குள் மேகம் மூடிவிட்டது. மறுநாள் கப்பலும் போய்விட்டது. வெயிலில் காட்டினால்தான் தாளில் படம் விழும் என்பதால், வெயில் வந்த பிறகுதான் படக்காரர் படத்தைத் தாளில் இறக்கிக் கொடுத்தார். சித்தி முதலில் தாளைத்தான் தடவிப் பார்த்து, "நம்ம சரக்குதான்" என்றாள். அப்புறம் படத்தைப் பார்த்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

அவளுடைய அக்கா, அதாவது என் அம்மா, படத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என்னடி இது, மூக்கு ரெண்டு, கண்ணு மூணு! நீ மட்டும் பளிச்சுன்னு இருக்கே. ஆளு யாருன்னே தெரியலையே. தூக்கிப் போடு."

சித்தி வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள்.

"யாருன்னு தெரியாட்டி என்னக்கா? யாரைப் பார்க்கிறாருன்னு தெரியுதில்ல."