முதல் வெட்டு

சொந்தமாகத் தொழில் நடத்தும் பெண்களுக்குக் கண்டியில் ஒரு மண்டபத்தில் பரிசு கொடுத்தார்கள். எனக்கும் ஒன்று கிடைத்தது. மேடையில் மைக்கோடு நின்ற பிள்ளை, "உங்க வெற்றிக்குப் பின்னால யார் இருக்காங்க?" என்று கேட்டாள். முன்வரிசையில் என் கணவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். பாவம், நல்ல மனிதர்தான். ஆனால் என் தையல் கடைக்கு அவர் செய்த ஆகப் பெரிய உதவி, தொந்தரவு செய்யாமல் இருந்தது. நான் "வீட்டுக்காரர்தான்" என்றேன். எல்லோரும் கைதட்டினார்கள். என் வாயிலேயே ஒன்று போட வேண்டும் போல இருந்தது. சொல்லியிருக்க வேண்டிய ஆள் வேறு.

அவரை நான் ராத்தா என்றுதான் கூப்பிடுவேன். முஸ்லிம் வீடுகளில் மூத்த சகோதரியை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவர் என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். கட்டுகஸ்தோட்டையில் நான் குடியிருக்கும் அதே ஒழுங்கையில்தான் அவர் வீடும். வீட்டிலிருந்தபடியே அக்கம்பக்கத்துக்குத் துணி வெட்டிக் கொடுப்பார். நான் தெல்தோட்டைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, ஆறு வருடம் கார்மெண்டில் கிடந்தவள். அங்கே முழுச் சட்டையை யாரும் தைப்பதில்லை. எனக்கு விழுந்தது கை மூட்டுகிற வேலை. எத்தனையோ ஆயிரம் சட்டைக்குக் கை வைத்திருப்பேன். ஒரு கழுத்து வெட்டத் தெரியாது. ராத்தா வெட்டினால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். ஆனால் மெஷினில் உட்கார்ந்தால் பொறுமை கிடையாது. நூல் அறுந்தால் மெஷினுக்கே ஏச்சு விழும். அரைத் தையற்காரிகள் இரண்டு பேர் சேர்ந்தால் ஒரு கடை ஆகும் என்று கண்டுபிடித்தது அவர்தான்.

பாலத்துக்குக் கிட்ட ஒரு ஹார்ட்வெயர் கடைக்கு மேலே அறை எடுத்தோம். கீழ்க்கடை முதலாளி, "ரெண்டு பொம்பள சேர்ந்தா ஆறு மாசம் தாங்காது" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். மூன்றாவது வருடம் அவரே தன் மகளின் கல்யாணத் துணியோடு படியேறி மூச்சுவாங்கி நின்றார். ராத்தா அவரை அரைமணி நேரம் காக்க வைத்துத்தான் அளவே எழுதினார். சிங்களப் பெண்கள் கட்டும் ஒசரிக்குக் கை புடைத்த ஜாக்கெட், முஸ்லிம் மணப்பெண்ணுக்கு நீளக்கை கவுன், எங்கள் ஆட்களுக்குக் கூறைச் சேலைக்குத் தோதான ஜாக்கெட் என்று மூன்று சாதிக் கல்யாணமும் எங்கள் மேசையைத் தாண்டித்தான் போயிற்று. பகலில் சாப்பாட்டைப் பகிர்ந்துகொள்வோம். "ஒங்கட சாம்பார்ல பருப்பத் தேடிப் புடிக்கணும் தங்கச்சி" என்பார். இன்றைக்கு என் சாம்பாரைக் குறை சொல்ல ஆளில்லை. அது எனக்குப் பெரிய குறை.

எங்கள் ஆட்களில் சிலரிடம் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணத் துணியில் முதல் கத்திரி வைப்பவள் புருஷனோடு வாழ்கிறவளாக இருக்க வேண்டும். நல்ல நேரம் பார்த்துத் துணியைத் தாம்பாளத்தில் கொண்டுவரும் அம்மாமார், வெட்டப்போகிறவரைப் பற்றி மெல்ல விசாரிப்பார்கள். நான் முந்திக்கொண்டு, "யோசிக்காதீங்க, அவங்க வீட்டுக்காரர் கல்லு மாதிரி இருக்காரு" என்பேன். ராத்தா சிரித்துக்கொண்டே, அல்லாஹ்வின் பெயரால் பிஸ்மி சொல்லி வெட்டுவார். அந்தப் பேச்சை எத்தனை தரம் பேசியிருப்பேனோ தெரியாது.

அந்தக் கல்லு மாதிரி மனிதர் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் போய்வந்து, சாப்பிட்டுவிட்டுக் கதிரையில் சாய்ந்தார். பிறகு எழும்பவில்லை. மையித்து வீட்டுக்குப் போனபோது ராத்தா என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

அன்றிலிருந்து அவர் இத்தா இருந்தார். கணவனை இழந்த பெண் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டைவிட்டு வெளியே இறங்குவதில்லை. இவ்வளவுதான் எனக்குத் தெரியும். மிச்சத்தை நானாகவே நினைத்துக்கொண்டேன். வெளி ஆட்கள் போய்ப் பார்க்கக்கூடாது என்று நினைத்தேன். அந்த நாட்களில் வேலை கொடுப்பது பாவம் என்று நினைத்தேன். எங்கள் ஒழுங்கையில் பாதி முஸ்லிம் வீடுகள். யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் மரியாதைக் குறைவு என்று பட்டது. ஆக, அவருடைய மார்க்கத்தை அவரைவிடக் கறாராக நான் காப்பாற்றிக்கொண்டிருந்தேன்.

இரண்டு தரம் ராத்தாவே எனக்குப் போன் எடுத்தார்.

"கடையில வேல ஒண்டும் இல்லியா தங்கச்சி?"

"பெரிசா ஒன்னும் இல்ல ராத்தா. நீங்க மனசப் போட்டு அலட்டிக்காம ரெஸ்ட் எடுங்க."

பச்சைப் பொய். மேசையில் துணி குவிந்து கிடந்தது. கண்டி டவுனிலிருந்து ஒரு மாஸ்டரைப் பிடித்து வெட்ட வைத்திருந்தேன். இத்தாவில் இருப்பவர் வீட்டுக்குள்ளிருந்து வெட்டலாம், தைக்கலாம், பெண்கள் போய்ப் பேசிக்கொண்டும் இருக்கலாம் என்பதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அதற்குள் பக்கத்து வீட்டுத் தமிழ்ப் பிள்ளை ஒருத்தி எங்கள் கடையில் தைத்த கல்யாண ஜாக்கெட்டை ராத்தாவிடமே கொண்டுபோய்க் காட்டிவிட்டாள். கடையில் நிற்க இடமில்லை என்றும் சொல்லியிருக்கிறாள். ராத்தாவுக்கு எங்கள் வழக்கம் தெரியும். மங்கலத் துணியில் விதவையின் கை படக்கூடாது என்றுதான் நான் பொய் சொன்னேன் என்று அவர் எடுத்துக்கொண்டார். வேறு எப்படி எடுத்துக்கொள்வார்?

இத்தா முடிந்து படியேறி வந்த அன்று, கடையில் ஒரு மணப்பெண்ணின் தாய் தாம்பாளத்தோடு உட்கார்ந்திருந்தார். ராத்தா வெட்டுமேசைக்குப் பக்கத்தில் நின்று, துணியைத் தொடாமல், "இனி முதல் வெட்டு எனக்கு ஏலாதுதானே தங்கச்சி?" என்றார். கேலி போலத்தான் கேட்டார். "என்ன பேச்சு இது, வெட்டுங்க" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அந்தத் தாயின் முகத்தைப் பார்த்தேன். அவர் தாம்பாளத்தை மடிப்பக்கம் இழுத்துக்கொண்டார். நான் வாயைத் திறக்கவில்லை. ராத்தா தன் கத்திரியைப் பத்திரிகைத் தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். இத்தாவைப் பற்றித் தெரியாமல் போனதற்குச் சாக்கு உண்டு. இதற்கு இல்லை.

பிறகு அவர் கெலிஓயாவுக்குக் குடிபோனார். அங்கே பெண்களைச் சேர்த்துத் தையல் நிலையம் நடத்துகிறார் என்று கேள்விப்பட்டேன். என் கடையும் இரண்டு அறையாக வளர்ந்தது. மாஸ்டர் நன்றாகத்தான் வெட்டுகிறார். ஆனால் ஐந்து வருடமாக யாராவது மெஷினை ஏசினால் நான் சட்டென்று திரும்பிப் பார்க்கிறேன். நல்ல வேலை ஒன்று முடிந்தால் அதை அவரிடம் காட்ட மனம் கிடந்து தவிக்கும்.

பரிசு வாங்கிய வாரமே மகளைக் கூட்டிக்கொண்டு, அவளுடைய கல்யாணத் துணியையும் எடுத்துக்கொண்டு கெலிஓயாவுக்கு பஸ் ஏறினேன். தையல் நிலையம் முழுக்கப் பெண்கள் மெஷின்களில் இருந்தார்கள். ராத்தா எங்களைக் கண்டதும் கதிரை போடச் சொன்னார். பிஸ்கட்டோடு தேத்தண்ணி வந்தது. அந்த உபசாரம்தான் என்னைச் சுட்டது. ஒரே பீங்கானில் சாப்பிட்டவர்கள் நாங்கள். துணியை அவர் முன்னால் வைத்தேன்.

"மகளுக்குக் கல்யாணம் ராத்தா. முதல் வெட்டு நீங்கதான் வைக்கணும்."

"மாப்புள வீட்டாக்கள்?"

"சொல்லிட்டேன். மொறச்சாங்க. மொறைக்கட்டும்."

அவர் மகளை நிறுத்தி அளவெடுத்து, துணியை விரித்து, பிஸ்மி சொல்லிக் கத்திரி வைத்தார். ஒரே ஓட்டம். எனக்கு அழுகை வந்தது. அத்தனை பெண்களுக்கு முன்னால் வெட்கமில்லாமல் அழுதேன்.

"கடைக்கே வந்துருங்க ராத்தா. நீங்க இல்லாம எனக்கு ஒன்னுமே நல்லா இல்ல."

"ஒங்களுக்கென்ன விசரா தங்கச்சி? இந்தப் பதினொரு பேரையும் எங்க கொண்டு போட?" என்றார். மெஷின்களில் இருந்த பெண்கள் தலையைத் தூக்காமல் சிரித்தார்கள். ராத்தா வெட்டிய துண்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினார்.

"இவங்கள்ல ரெண்டு பேர் இத்தால இருக்கக்குள்ளயும் தெச்சவங்க. நானே வீட்டுக்குத் துணி கொண்டு போய்க் குடுத்தேன். அந்த நேரம் வேலதான் மருந்து." அடுக்கியதைத் துணியில் சுற்றி முடிச்சுப் போட்டார். "நானும் ஒவ்வொரு நாளும் காலையில மேசயத் தொடச்சி வெச்சிட்டு வாசலப் பாத்துட்டு இருந்தேன். துணி வராட்டியும் நீங்க வருவீங்க எண்டு."

குரலில் கோபமே இல்லை. என் வீட்டு வாசலிலிருந்து அவர் வீட்டு வாசலுக்கு நடந்தால் இரண்டு நிமிடம்கூட இல்லை.