பிலோமினா மேடம் சொல்லாமல் விட்ட காரணம்

பாண்டி பஜாரில் ஒரு கண்ணாடிக் கடையில் உட்கார்ந்திருந்தேன். புதுக் கண்ணாடியை மூக்கில் பொருத்திவிட்டு, எதிரே இருந்த பலகையைப் படிக்கச் சொன்னார் கடைக்காரர். அப்போதுதான் கைபேசி அடித்தது. "அருள்தாஸ் பேசறேன் பாய். அக்கா போய்ட்டா. காலைல கஞ்சி குடிச்சா. நல்லாத்தான் பேசிகினு இருந்தா." அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை. பிலோமினா மேடத்தின் தம்பி அவர். "எழுத்து தெரியுதா சார்? பவர் சரியா இல்லையா?" என்று கடைக்காரர் கேட்டுக்கொண்டே இருந்தார். பலகையில் ஒரு எழுத்துகூட எனக்குத் தெரியவில்லை.

பிலோமினா மேடத்தை உங்களில் பலர் பாதுகாப்பு ஆலோசகர் என்ற பதவியின் பெயரில் அறிந்திருப்பீர்கள். ஒன்றிய அரசின் ஓர் அமைச்சகத்துக்காக நந்தனத்தில் இயங்கிய தென்மண்டல அலுவலகத்தில், கடலோரப் பாதுகாப்பு பற்றி அமைச்சருக்கு யோசனை சொல்லும் நாற்காலியில் நெடுங்காலம் இருந்தவர். நான் அதே அலுவலகத்தில் உருது அறிக்கைகளைப் படித்து, மொழிபெயர்த்து, அவற்றின் மதிப்பைக் கணிக்கும் வேலையில் இருந்தேன். எங்கள் வீட்டில் உருது, தெருவில் தமிழ். மயிலாப்பூரில் பல தலைமுறையாக இருக்கும் குடும்பம். அவர் பட்டினப்பாக்கம் பக்கத்துக் குப்பத்தில், கத்தோலிக்க மீனவக் குடும்பத்தில் பிறந்தவர். டெல்லியில் பல ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். நாங்கள் பிறந்த இரண்டு வீடுகளுக்கும் இடையே ஒரு நல்ல நடை தூரம்தான். அந்த ஊர்ப்பாசமோ என்னவோ, வந்த முதல் வாரத்திலேயே "ரஹீம், இந்தப் பக்கம் நல்ல டீ எங்க கிடைக்கும்?" என்று கேட்டார். அதற்குப் பிறகு எங்கள் பேச்சு நிற்கவே இல்லை.

தன் வேலையைப் பற்றி அவர் சொல்லிச் சிரிக்கும் ஒரு கதை உண்டு. அவருடைய அம்மா மீன் விற்றுப் பிள்ளைகளை வளர்த்தவர். ஒரு நாள் மகளிடம், "நீ இன்னாதான் வேல பண்றே?" என்று கேட்டிருக்கிறார். "அமைச்சருக்கு யோசனை சொல்றேம்மா." "அவரு கேக்கறாரா?" "சில நேரம் கேப்பாரு." அம்மா சொன்னாராம்: "கேக்காத ஆளுக்கு யோசனை சொல்ல ஒரு ஆபீசு, அதுக்கு ஒரு காரு!" டெல்லியிலிருந்து வரும் பெரிய அதிகாரிகளிடமும் இதைச் சொல்வார். சிலர் சிரிப்பார்கள். சிரிக்காதவர்களை நாங்கள் இருவரும் கவனித்து வைத்துக்கொள்வோம்.

ஒரு முறை அமைச்சரே வந்திருந்தார். நீளமான விளக்கத்தைக் கேட்டு அலுத்துப்போய், "பயப்படணுமா, வேண்டாமா? ஒரே வார்த்தையில சொல்லுங்கம்மா" என்றார். "ஒரே வார்த்தையில சொல்றவங்களப் பாத்துதான் சார் பயப்படணும்" என்றார் மேடம். அமைச்சர் நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு, "சரி, முழுசா சொல்லுங்க" என்றார். எனக்குத் தெரிந்து அந்த அமைச்சர் எதையும் முழுதாகக் கேட்டது அன்றுதான்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். ஓய்வுபெற்ற ஓர் அதிகாரி அண்மையில் செய்தித்தாள் பேட்டியில் இதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டதால்தான் நானும் எழுத முடிகிறது.

மேடம் பிறந்த குப்பத்தில் ஆண்டுதோறும் மாதா திருவிழா நடக்கும். கடைசி நாள் மாலையில் மாதா சொரூபத்தைப் படகில் ஏற்றிக் கடலுக்குள் கொண்டுபோவார்கள். சுற்று வட்டாரக் குப்பங்களின் படகுகளெல்லாம் தோரணம் கட்டிக்கொண்டு பின்னால் போகும். கரையில் மணல் தெரியாத அளவுக்குக் கூட்டம் நிற்கும். ஓர் ஆண்டு, திருவிழாவுக்குச் சில நாள் முன்பு, தாக்குதல் நடத்தச் சிலர் கடல் வழியாகக் கரைக்கு வரப் போகிறார்கள் என்று ஒரு தகவல் வந்தது. திருவிழாப் படகுகளோடு படகாகக் கலந்து வருவதுதான் அவர்கள் திட்டம்.

அவசரக் கூட்டம் கூடியது. டெல்லியிலிருந்து ஒரு மூத்த அதிகாரி வந்திருந்தார். எல்லோரும் உட்கார்ந்த பிறகு அவர் என்னைப் பார்த்தார். பிறகு மேடத்திடம் திரும்பி, "இந்தக் கூட்டத்துக்கு ரஹீம் வேண்டாம்" என்றார்.

"ஏன்? அவர் மேல புகார் ஏதாவது இருக்கா?"

"இல்லை. ஒரு முன்னெச்சரிக்கைதான். விஷயம் அப்படி. உங்களுக்குப் புரியும்."

எனக்கும் புரிந்தது. நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். இத்தனை ஆண்டு சேவையில் அதற்கு உடம்பு தானாகவே பழகியிருந்தது என்பதை அன்றுதான் அறிந்தேன்.

மேடம் பேனாவை மூடினார். "அப்ப நானும் வெளியே போகணும் சார். தகவல் கடலப் பத்தினது. நான் அந்தக் குப்பத்துக்காரி. திருவிழா எங்க திருவிழா. என் தம்பி படகு ஓட்டறான். ரஹீமுக்கு இதுல ஒரு தொடர்பும் கிடையாது. முன்னெச்சரிக்கைன்னா என்கிட்டேருந்துதான ஆரம்பிக்கணும்?" குரலை உயர்த்தவே இல்லை. பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். அதிகாரி ஜன்னல் வழியாக அண்ணா சாலையைப் பார்த்தார். பிறகு, "ரெண்டு பேரும் உட்காருங்க" என்றார்.

நான் உட்கார்ந்தேன். மேடம் என் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் நான் அழுதிருப்பேன் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த நாளைப் பற்றி அதன் பிறகு அவர் என்னிடம் பேசியதே இல்லை. நன்றி சொல்ல நான் வாயெடுத்தபோதெல்லாம் வேறு பேச்சுக்குப் போய்விடுவார். ஆகவே அந்த நன்றியை இங்கே, அவரை அறிந்த உங்கள் முன்னால் சொல்கிறேன்.

அன்றைய கூட்டத்தில் டெல்லி கேட்டது பெரிது. நிலைமை தெளியும்வரை எந்தப் படகும் கடலுக்குப் போகக் கூடாது, குப்பங்களில் வீடு வீடாகச் சோதனை போட வேண்டும் என்றார்கள். மேடம் விடாமல் வாதாடினார். "சோதனை போட்டா நாளைக்கு இவங்க நமக்கு ஒரு தகவலும் சொல்ல மாட்டாங்க. கடல்ல புது ஆள் வந்தா மொதல்ல பாக்கறது இவங்கதான்" என்றார். கடைசியில், திருவிழா மாலையில் மட்டும் படகு ஊர்வலம் வேண்டாம் என்று முடிவானது. சோதனை கிடையாது. மற்ற நாள் தொழிலுக்கும் தடை இல்லை. அந்தப் பரிந்துரைக்குக் கீழே அவர் ஒருவரே கையெழுத்திட்டார். ஏதாவது நடந்திருந்தால் முழுப் பழியும் அவர் தலையில்தான் விழுந்திருக்கும். ஆனால் காரணத்தை வெளியே சொல்ல அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை.

ஆள் அனுப்பியே செய்தி சொல்லியிருக்கலாம். அவர் நேரில் போனார். என்னையும் கூட அழைத்துக்கொண்டார். கோயிலுக்குப் பக்கத்துக் கூடத்தில் குப்பத்து ஆண்கள் காத்திருந்தார்கள். விழாக் குழுவின் தலைவர் அந்த ஆண்டு அவர் தம்பி அருள்தாஸ்தான். மாதாவை ஏற்றும் பேறும் அவர் படகுக்கே கிடைத்திருந்தது. படகுக்குப் புதுப் பெயின்ட் அடித்து முடித்திருந்தார். கை விரல்களில் நீலம் இன்னும் போகவில்லை.

"இந்த வருஷம் மாதாவ கடலுக்குக் கொண்டு போக வேணாம். தெருவுல தேர் போகட்டும்" என்றார் மேடம்.

"இன்னா காரணம்?"

"சொல்ல முடியாதுடா."

அருள்தாஸ் எழுந்து நின்றார். "சொல்ல முடியாதா? நீ யாரா வந்துகீறே? அக்காவா, கவர்மெண்ட்டா?"

"ரெண்டும்தான்."

"ரெண்டும் ஆவாதுக்கா. ஒண்ணச் சொல்லு."

மேடம் தம்பியின் விரல்களில் இருந்த நீலத்தையே பார்த்தார். சுற்றியிருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். "அப்ப கவர்மெண்ட்டு கெளம்பலாம்" என்றார் அருள்தாஸ்.

அடையாறில் இருந்த மேடம் வீட்டுக்குக் காரில் போனோம். அடையாறு பாலம் வந்ததும் அவர், "வீட்டுக்குள்ள போலீஸ் நுழையல. அது போதும் ரஹீம்" என்றார். அவர் எனக்குச் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா என்று தெரியவில்லை.

அந்த ஆண்டு மாதா தெருவில் போனார். அந்த மாலையில் கடற்கரையில் ஒன்றும் நடக்கவில்லை. அதே வாரம், தெற்கே வெகு தொலைவில், நடுக்கடலில் ஓர் அயல் படகு பிடிபட்டது. அது எதற்காக வந்தது என்பது எங்களுக்கு மட்டும் தெரியும். குப்பத்தில் தெரிந்ததெல்லாம், பெரிய வேலைக்குப் போன பிலோமினா தம்பியின் படகில் மாதாவை ஏற விடவில்லை என்பதுதான். அருள்தாஸ் அக்காவோடு பேசுவதை நிறுத்தினார். அவர்கள் அம்மா இறந்தபோது ஒரே சவப்பெட்டியின் தலைமாட்டில் ஒருவரும் கால்மாட்டில் ஒருவருமாக நின்றதை நான் பார்த்தேன். கிறிஸ்துமஸுக்கு மேடம் அனுப்பும் கேக் அப்படியே திரும்பி வரும். அடுத்த ஆண்டும் அனுப்புவார்.

ஓய்வு பெற்றபின் அவர் அடையாறிலேயே ஒரு சின்ன வீட்டில் தனியாக இருந்தார். பிறகு நோய் வந்தது. மருத்துவமனையில் படுத்த இரண்டாம் வாரம், நான் பக்கத்தில் இருந்தபோது, கதவைத் தள்ளிக்கொண்டு அருள்தாஸ் வந்தார். கையில் சாப்பாட்டுத் தூக்கு. தலை முழுக்க நரைத்திருந்தது. கட்டிலின் ஓரத்தில் வந்து நின்றார்.

"இன்னாக்கா, இப்பிடி எளைச்சிட்டே" என்றார். "சுறாப்புட்டு கொண்டாந்தேன்."

"காரம் கூடாதுன்னு சொல்லியிருக்காருடா டாக்டர்."

"காரம் போடல. உனுக்குன்னு தனியா செஞ்சா ஊட்ல."

மேடம் எழுந்து உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டார். "உப்பு கம்மி" என்றார். அருள்தாஸ் சிரித்தார். அவ்வளவுதான் சமாதானம். அன்று முதல் அவர் வராத நாள் கிடையாது. காற்று எப்படி, வலையில் என்ன விழுந்தது, யார் வீட்டில் கல்யாணம் என்று பேசிக்கொண்டிருப்பார்கள். அந்தத் திருவிழாவைப் பற்றி ஒரு சொல் வராது.

நான் மேலே சொன்ன பேட்டி வந்தது அதன் பிறகுதான். அதைப் படித்ததும் செய்தித்தாளை எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினேன். "இனிமே ரகசியம் இல்ல மேடம். அருள்தாஸ்கிட்ட சொல்லிடலாம்" என்றேன். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார். மடித்து என்னிடமே கொடுத்தார்.

"அவன் காரணம் தெரியாமலே வந்துட்டான் ரஹீம். இப்ப காரணத்தச் சொன்னா, தப்பு பண்ணிட்டோமேன்னு வருத்தப்பட்டு வர ஆரம்பிப்பான். எனக்கு இப்ப வர்ற தம்பிதான் வேணும்."

அந்தத் தாளை என் பையிலேயே திரும்ப எடுத்துக்கொண்டு வந்தேன்.

அடக்கம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, கல்லறைத் தோட்டத்து வேப்பமர நிழலில் அருள்தாஸ் என்னை உட்கார வைத்தார்.

"பாய், அந்த வருசம் இன்னா நடந்திச்சின்னு எனுக்குத் தெரியும்" என்றார். "பேப்பர்ல வந்திச்சே, ஃபாதர் படிச்சிக் காட்னாரு."

நான் கேட்டேன்: "அக்காகிட்ட சொல்லலையா?"

"சொல்லல. காரணம் தெரிஞ்சதாலதான் வரான்னு அவ நெனச்சிடக் கூடாது பாய். நான் அதுக்கு முன்னாடியே வந்துட்டேன். அக்கான்னுதான் வந்தேன். அத்த யாரும் மாத்திடக் கூடாது." பிறகு முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு, "அவளுக்கும் தெரியுமா, பேப்பர்ல வந்தது?" என்று கேட்டார்.

தெரியும் என்றேன். ஏன் சொல்லாமல் இருந்தார் என்பதையும், அவர் சொன்ன வார்த்தைகளிலேயே சொன்னேன். அருள்தாஸ் அதைக் கேட்டுவிட்டு, புது மண் குவிந்திருந்த பக்கம் பார்த்து, "சரிதான்க்கா" என்றார். எனக்குச் சொல்லவில்லை. அக்காவுக்குத்தான் சொன்னார்.

தெரிந்ததைச் சொல்லாமல் காப்பதுதான் எங்கள் வேலை. அதைப் பயந்து செய்தவர்களோடு பழகியிருக்கிறேன். எனக்குத்தான் தெரியும் என்ற கர்வத்தில் செய்தவர்கள் இன்னும் அதிகம். நேசத்தினால் செய்த ஒருவரை மட்டும்தான் என் வாழ்நாளில் கண்டேன். அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தேன் என்பதே எனக்குப் போதுமான பெருமை. பிலோமினா மேடத்திடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொள்வது அந்த மௌனத்தைத்தான். என் வீட்டிலும் ஒரு நெடுநாள் மனத்தாங்கலில் சில காரணங்கள் சொல்லப்படாமல் கிடக்கின்றன. சொன்னால் நான் ஜெயித்துவிடுவேன் என்பது எனக்குத் தெரியும். சொல்லாமல், ஒரு தூக்கை எடுத்துக்கொண்டு என் அண்ணன் வீட்டுக்குப் போகப் போகிறேன்.