பாதி மாத்திரை

அறுபதுகளின் கடைசியில் தாம்பரத்தில் ஒரு காசநோய் ஆராய்ச்சியில் எனக்கு வேலை. ஆஸ்பத்திரியில் படுக்காமல் வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிட்டால் குணமாகுமா என்று பார்க்கிற ஆராய்ச்சி. நல்ல காரியம்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். நான் சொல்லாமல் கொள்ளாமல் நோயாளி வீட்டுக்குப் போய் டப்பாவில் மீதியிருக்கும் மாத்திரையை எண்ண வேண்டும். ஒரு பாட்டிலில் மூத்திரம் வாங்கி வர வேண்டும். மாத்திரை விழுங்கினார்களா என்று அதில் தெரிந்துவிடும். திருடனைப் பிடிக்கிற மாதிரி வேலை.

பீர்க்கன்கரணை ஏரிக்கரையில் ஒரு நோயாளி, கல் உடைக்கப் போகிற பெண். எண்ணிக்கை ஒரு நாளும் பிசகாது. மூத்திரச் சோதனையும் சரியாக இருக்கும். ஒரு நாள் காலையில் போய் நின்றபோது அரிவாள்மனையில் வைத்து மாத்திரையை இரண்டாக நறுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவளுடைய நாத்தனார் இருமிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாம்மா இது?"

"நீங்கதான் சார் இவள வேணான்னுட்டீங்க. இவளுக்கும் இதே இருமல்தான? சோத்தப் பிரிச்சித் துன்றோம், மாத்திரய பிரிச்சிக்கக் கூடாதா?"

"பாதி மாத்திரைல ரெண்டு பேருக்குமே சொஸ்தமாவாதும்மா."

"அப்ப முழுசா குடுங்களேன். கண்ணாலம் பண்ணிக்கினு போவ வேண்டிய பொண்ணு, ரத்தமா துப்பிக்கினு கீது."

வேண்டாம் என்றது ஆராய்ச்சியின் விதி. நாத்தனார் ஏற்கெனவே படப்பையில் ஒரு கம்பவுண்டரிடம் நாலைந்து ஊசி போட்டுக்கொண்டவள். மருந்தே தொடாத நோயாளிதான் ஆராய்ச்சிக்கு வேண்டும். அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி ஒரு சீட்டைக் கையில் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். அங்கே படுக்கை காலியில்லை.

நான் ஒரு முட்டாள். உள்ளதைச் சொன்னால் இரண்டு பேருக்கும் மருந்து கொடுப்பார்கள் என்று நம்பி டாக்டரிடம் சொன்னேன். அவர் அண்ணிக்காரியின் அட்டையில் சிவப்பு மையால் கோடு போட்டு, 'ஒத்துழைக்காத நோயாளி' என்று எழுதினார். அவளை ஆராய்ச்சியிலிருந்து நீக்கி, மீதி மாத்திரையை வாங்கி வரச் சொன்னார்.

"பாதி பாதியா சாப்பிட்டா கிருமி அப்புறம் மருந்துக்கே அடங்காது. தெரியுமில்ல?" என்றார்.

தெரியும். கூடவே இருமுகிறவளைத் துரத்தி, அந்த மாத்திரையைப் பாதியாக்க வைத்தது யார்?

மறுநாள் போய் விஷயத்தைச் சொன்னேன். நாத்தனார் எழுந்து இரண்டு புடவையை மடித்துப் பையில் வைத்தாள்.

"நான் படப்பைல அக்கா வூட்டுக்குப் போறேன் சார். நான் இல்லன்னா அண்ணிக்குக் குடுப்பாங்கல்ல?"

"போனா கால ஒடச்சிடுவேன்டி!" என்று அண்ணி பையைப் பிடுங்கினாள். நாத்தனார் பையை விட்டுவிட்டு வெறுங்கையோடு பஸ் ஏறிவிட்டாள்.

டாக்டரிடம் ஓடினேன். "நீக்கினவங்கள மறுபடி சேர்க்க முடியாதுய்யா. ஆராய்ச்சி கெட்டுப்போயிடும்" என்றார்.

"அவ செத்துப்போனா பரவால்லையா சார்?"

வெளியே போகச் சொன்னார்.

அந்த வாரமே நாத்தனாரைத் திருப்பி அழைத்துவரப் படப்பைக்குப் போனேன். பையையும் கொண்டுபோனேன். அவள் முதலில் கேட்டது, "அண்ணிக்கு மாத்திரை குடுத்துட்டாங்களா?"

இல்லை என்றேன்.

"அப்ப நான் இன்னாத்துக்கு சார் இங்க வந்தேன்?"

டாக்டர்தான் பதில் சொல்ல வேண்டும். அவர் படப்பைப் பக்கம் வந்ததே இல்லை.