பொங்கல் அடுப்பில் எரிந்த கொப்பு

பொங்கலன்று மொட்டைமாடியில் அப்பா, அம்மா, அக்கா, நான் நால்வரும் இருந்தோம். அத்தான் இல்லை, அவர் வேலை செய்யும் வீட்டு எசமானி, சிஞ்ஞோரா, விடவில்லை.

வழமையாகப் பக்கத்து ஊரான பகேரியாவின் தோட்டமொன்றிலிருந்து எலுமிச்சை விறகு வரும். கோடையில் மலையில் பிடித்த தீ அந்தத் தோட்டத்தையும் எரித்துவிட்டது. அதனால் அப்பா, தான் வேலை செய்யும் வில்லாவில் வெட்டிக் குவித்திருந்த காய்ந்த கொப்புகளைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"என்ன மரமப்பா இது?" என்று கேட்டேன்.

"இலையெல்லாம் கொட்டுண்டு போச்சு. விறகு எண்டா விறகு. உன்ரை குகைச்சனம் பேர் கேட்டே பொறுக்கினது?"

"விடுங்கோ அப்பா, அடுப்புக்கும் சோதினை வைப்பான்" என்று அக்கா சிரித்தாள்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். பல்கலைக்கழகத்தில் ஆதிமனிதர்களின் அடுப்புக்கரியை ஆராய்கிறேன். ஆழத்து மண்ணில் ஓக் கரி. நிலம் வறண்ட பிறகு படிந்த மேல்மண்ணில் புதர்க்கரி. காடு மாறினால் அடுப்பும் மாறும், கிட்ட இருப்பதைத்தான் சனம் பொறுக்கும் என்று ஆய்வேட்டில் எழுதியிருந்தேன்.

தீ அணையப் பார்த்தது. அம்மா புகைக்குள் குனிந்து ஊதினார். "கண் எரியுதடா" என்றாரே தவிர விலகவில்லை. பால் பொங்குமுன் அடுப்பை விட்டு எழும்ப அவருக்கு மனம் வராது. பால் பொங்கியது. அம்மா சத்தியெடுத்துச் சரிந்தார்.

மருத்துவமனையில் நாடி தாறுமாறாக அடித்தது. என்ன மரத்தை எரித்தீர்கள் என்று மருத்துவர் கேட்டார். அப்பா என் பக்கம் திரும்பினார்.

"நீதானே கரியைப் பாத்துச் சொல்லுறனி. சொல்லடா."

வீட்டுக்கு ஓடி, பாதி எரிந்த துண்டொன்றை எடுத்துக்கொண்டு ஆய்வுகூடம் போனேன். உடைத்து நுண்ணோக்கியில் வைத்தேன். மாதிரித் துண்டுகளோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். எலுமிச்சை இல்லை. ஒலிவ் இல்லை. அலரி. நாங்கள் விட்டு வந்த ஊரில் பூவைச் சாமிக்கு வைப்போம்; மரம் நஞ்சென்று சின்னப்பிள்ளைக்கும் தெரியும். மருத்துவருக்கு உடனே தொலைபேசியில் சொன்னேன்.

அம்மா பிழைத்தார். "ஒரு இலை கிடந்திருந்தாலும் கண்டிருப்பன்" என்று அப்பா இன்னும் சொல்கிறார்.

புதிய மரத்தை முதலில் எரித்தவர்கள் யாரை இழந்து அதன் நஞ்சை அறிந்தார்கள் என்று கரியில் தெரிவதில்லை. ஆய்வேட்டில் 'கிட்ட இருப்பதைத்தான் சனம் பொறுக்கும்' என்ற வரியைத் தாண்டி என்னால் நகர முடியவில்லை.

அம்மாவால் இப்போது படி ஏற முடியாது, இதயம் தளர்ந்துவிட்டது. அவர் துப்புரவு செய்த வீடு நாலாம் மாடி, லிஃப்ட் இல்லை. அங்கே வேறொருத்தி போகிறாள். அம்மாவின் சம்பளம் போயிற்று, மாதத்துக்கு எழுநூறு யூரோ.