எங்கள் வீட்டு டொக்டரும் இந்தியக் குளிசையும்

பதினெட்டு வருடம் தமிழ்நாட்டு அகதி முகாமில் இருந்துவிட்டு எங்கள் ஊரான ஓலைத்தொடுவாய்க்குத் திரும்பிய நாள் முதல் என் கணவருக்கு இந்த நாட்டில் எதுவும் சரியில்லை. பருப்பு வேகாது, பஸ் வராது, டொக்டர்மாருக்கு ஒன்றும் தெரியாது. அவருக்கு மட்டும் எல்லாம் தெரியும்.

போன வருடம் திரும்பவும் அந்த முகாமில் ஒரு கலியாணத்துக்குப் போய்வந்தவர், கட்டிலும் சேர்ந்து ஆடுமளவுக்கு நடுங்கினார். ரத்தம் எடுத்துப் பார்த்தால் மலேரியா. நாட்டிலேயே இல்லை என்றிருந்த காய்ச்சல் அல்லவா, சுகாதாரக் கந்தோரில் இருந்து ஜீப்பே வந்துவிட்டது. மாப்பிள்ளை அழைப்புத் தோற்றது போங்கள். மூன்று நாளுக்கு விழுங்கக் குளிசை தந்தார்கள்.

"ஈரலில ஒளிச்சிருக்கிற கிருமிக்கான மற்றக் குளிசையை இன்னொரு ரத்தப் பரிசோதனை முடிவு வந்தாப்பிறகுதான் தருவம் ஐயா. சில ஆக்களின்ர ரத்தத்தை அது உடைச்சுப்போடும்" என்றாள் ஜீப்பில் வந்த பிள்ளை.

ஜீப் போனதும் இவர் சிரித்தார். "மலேரியாவைக் கண்ணால காணாததுகள் எனக்குப் படிப்பிக்குதுகள்."

"ஓம், நீங்கள் படிச்ச பள்ளிக்கூடத்தில டொக்டர்மாருக்கு இடம் கிடைக்கேல்ல" என்றேன்.

ஐந்தாம் நாள் சிறுநீர் பால் விடாத வெறுந்தேத்தண்ணி நிறத்தில் போனது. "காய்ச்சல் கழியுது" என்று பெருமையாகச் சொன்னார். பிறகு கண் மஞ்சளானது. பக்கத்து வீட்டுக்காரி கீழ்க்காய்நெல்லி அரைத்துத் தந்தாள். நானும் புத்திகெட்டுப்போய்க் கொடுத்தேன். ஏழாம் நாள் கிணற்றடிக்குப் போனவர் அங்கேயே விழுந்தார்.

ஆஸ்பத்திரியில் பார்த்தால் உடம்பில் பாதி ரத்தம் இல்லை. "வேற ஏதும் குளிசை போட்டனீங்களோ? சொன்னால்தான் காப்பாத்தலாம்" என்று டொக்டர் மூன்று தரம் கேட்டார். மூன்று தரமும் இவர் என்னைப் பார்த்துவிட்டு "இல்லை" என்றார். உதடு வெளிறிக் கிடந்தது.

அடையாள அட்டை கேட்டார்கள். அவருடைய சட்டைப்பையைத் துழாவினால் ஒரு இந்தியக் குளிசை அட்டை வந்தது. பாதிக்கு மேல் காலி. டொக்டர் வாங்கிப் பார்த்தார். ஜீப்பில் வந்த பிள்ளை பொறுத்திருக்கச் சொன்ன அதே மற்றக் குளிசைதான். கலியாணத்துக்குப் போன இடத்தில், எதற்கும் இருக்கட்டும் என்று முகாமுக்குப் பக்கத்து மருந்துக்கடையில் வாங்கி வந்திருக்கிறார்.

"இன்னும் ரெண்டு நாள் போட்டிருந்தால் ஆள் இல்லை" என்றார் டொக்டர். ரத்தம் ஏற்றத் தொடங்கினார்கள்.

இரண்டாவது பை ஏறும்போது கேட்டேன். "சாகக் கிடந்தும் ஏனப்பா மறைச்சனீங்கள்? டொக்டருக்குப் பயமோ?"

"அவருக்கு என்ன பயம்" என்றார் மெல்ல. "நீ நக்கலடிப்பாய் எண்டுதான்."

பக்கத்துக் கட்டில்காரர் சிரித்தார். நான் இவருடைய காலைப் பிடித்தபடி இருந்தேன். கால் இன்னும் குளிர்ந்துதான் கிடந்தது.