மாதாவுக்குக் கால் நீட்டிய கட்டில்

அந்தக் கரவனை மச்சான் எனக்குத் தந்தபோது அதற்குள் கோழிகள் குடியிருந்தன. பறவை பார்க்க மன்னாருக்கு வந்துபோன ஒரு வெள்ளைக்காரர் கடைசிப் பயணத்தில் அவனுக்குக் கொடுத்துவிட்டுப் போனது அது. இரண்டு சில்லு, அதன்மேல் ஒரு சின்ன அறை. வாகனத்தின் பின்னால் கொளுவி இழுக்கலாம். என் வயது இருக்கும். துரு மட்டும் என்னைவிடக் குறைவு.

"என்னத்துக்கு மச்சான் உனக்கு இது?"

"மடுவுக்கு," என்றேன்.

ஆவணித் திருநாளுக்கு மடுக் கோயிலைச் சுற்றிய மரங்களுக்குக் கீழே தறப்பாள் கட்டித் தங்குவது எங்கள் வழக்கம். முழங்கால் நோவால் என் மனைவி இரண்டு வருடமாக வரவில்லை. "நிலத்தில படுத்தா என்னை எழுப்ப ரெண்டு பேர் வேணும். கட்டில் இருந்தாச் சொல்லுங்கோ, வாறன்," என்று முடிவாகச் சொல்லிவிட்டாள். தன் மெழுகுதிரிகளை என்னிடம் தந்தனுப்புவாள். நான் கொளுத்தினால் மாதா கணக்கில் எடுப்பாவா என்ற சந்தேகம் எங்கள் இருவருக்கும் உண்டு.

கோழிகளை இறக்கிவிட்டு, முதலாளி தோரணையில் உள்ளே ஏறினேன். கறையான் தின்ற தரைப் பலகைக்குள்ளால் என் ஒரு கால் இறங்கி வெளி மணலில் போய் நின்றது. மச்சான் கை கொடுக்கவில்லை. வயிற்றைப் பிடித்துச் சிரித்தான்.

"கோழியளுக்குத் தெரியும், எங்க மிதிக்கிறதெண்டு."

நான் பைபர் வள்ளம் திருத்துகிறவன். எதைத் திருத்தினாலும் அது கடைசியில் வள்ளமாகிவிடும். பழைய பலகையைப் பிடுங்கிப் புதியதை அடித்து, அதன்மேல் பைபர் விரித்து றெசின் பூசினேன். உப்புக் காற்றில் வெடித்திருந்த யன்னல் றப்பர்களை மாற்றினேன். தொங்கிய கூரைச் சீலையைக் கிழித்தபோது பழைய முட்டை ஒன்று தலையில் விழுந்தது. அதைப் பற்றி இதற்குமேல் எழுத விரும்பவில்லை. மிஞ்சியிருந்த நீல வள்ளப் பெயின்றைச் சுவருக்கு அடித்தேன்.

மனைவி எட்டிப் பார்த்தாள். "இஞ்சாருங்கோ, இதை மடுவுக்குக் கொண்டுபோறதோ, கடலில இறக்கிறதோ?"

கட்டிலையும் சுவரோடு சேர்த்தே செய்தேன். கதவடியில் ஆள் நிற்க இடம் வேண்டுமென்று, கால்மாட்டை வள்ளத்தின் முனைபோல ஒடுக்கினேன். இரண்டு பேரின் தோளுக்கு அகலம் வேண்டும், கால்களுக்கு எதற்கு? என் மூளையை நானே மெச்சினேன். கால்மாட்டுச் சுவரில் மாதா சுரூபத்துக்கு ஒரு மாடம் வைத்து, சுரூபத்தையும் றெசினால் ஒட்டினேன். றோட்டில் எந்தக் கிடங்கில் சில்லு விழுந்தாலும் அசையாது.

புறப்படுவதற்கு முதல்நாள் மனைவியைக் கைபிடித்து ஏற்றினேன். கட்டிலில் இருந்தாள், படுத்தாள். அடுத்த கணம், முழங்கால் நோவை மறந்து எழுந்துவிட்டாள்.

"மாதாவுக்குக் காலை நீட்டிக்கொண்டோ நான் படுக்கிறது?"

பார்த்தேன். தலையணையில் தலை வைத்தால் உள்ளங்கால் நேரே மாதாவின் முகத்துக்கு. அத்தனை நாள் அளந்தும் இது என் கண்ணில் படவில்லை.

"மாடத்தைக் கழட்டுங்கோ."

"உளியாலதான் வெட்ட வேணும்."

"மாதாவுக்குக் கிட்ட உளியோ? கையைக் கொண்டுபோய்ப் பாருங்கோ!"

"அப்ப நீர் வரமாட்டீரோ?"

அந்த வருடமும் மெழுகுதிரிகள் என் கையில்தான் என்று நினைத்தேன். அவளோ தலையணையைத் தூக்கி மற்றப் பக்கம், மாதாவின் காலடியில் போட்டுவிட்டு, அந்த ஒடுங்கிய முனையில் தலை வைத்துப் படுத்தாள். அவளுடைய தோள் அளவாகப் பொருந்தியது.

"எனக்கு இவ்வளவு காணும்," என்றாள். "உங்களுக்குத்தான் இடமில்லை."

மச்சானின் ட்ரக்டர் இழுக்க, கரவன் மடுவுக்கு ஆடி ஆடிப் போய்ச் சேர்ந்தது. மாதா அசையவில்லை. மெழுகுதிரிகளை மனைவி தன் கையாலேயே கொளுத்தினாள். நான் வழக்கம்போலத் தறப்பாள் கட்டி, கரவனின் யன்னலடியில் பாய் விரித்தேன்.

காலையில் என் தலைக்கு மேலே கரவன் யன்னல் திறந்தது. தலை சீவி, பவுடர் பூசி, பூசைக்கு ஆயத்தமாக நின்றாள் அவள். நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒருபக்கமாகப் புரள முயன்றுகொண்டிருந்தேன்.

"என்ன, எழும்ப ஏலாதோ?" என்றாள் சிரிப்பை அடக்கிக்கொண்டு. "ரெண்டு பேரைக் கூப்பிடட்டோ?"