பொட்டு வைத்த டம்ளர்

என் தம்பி வேலுமணி இறந்து ஒரு வருடம் ஆகிறது. போன வாரம் பெரியநாயக்கன்பாளையத்தில் அவன் மகன் எழிலின் வீட்டில் படையல் போட்டார்கள். சொந்தக்காரர்கள் வந்து ஆளுக்கொன்றாக அவனைப் பற்றிச் சொன்னார்கள். பாதி நடந்தது, மீதி நடக்காதது. கடைசி மாதங்களில் கூட இருந்து அவனைத் துடைத்துப் படுக்கவைத்தவள் நான். எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

எங்கள் அப்பா அன்னூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் பண்ணையத்து ஆள். அந்த ஊர் டீக்கடையில் எங்கள் சனத்துக்குக் கொட்டாங்குச்சியில்தான் டீ. கண்ணாடி கிளாஸ் மற்றவர்களுக்கு. மீசை அரும்பிய வயதில் ஒரு நாள் வேலுமணி டீயைத் தரையில் ஊற்றிவிட்டு, கொட்டாங்குச்சியை அவர்கள் உட்காரும் பெஞ்சின் மேல் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தான். சாயங்காலம் தோட்டத்துக்காரர் அப்பாவைக் கூப்பிட்டுவிட்டார். அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிட்டு நின்றார். மறுநாளே அம்மா இவனை பஸ் ஏற்றி, பெரியநாயக்கன்பாளையத்தில் இருந்த சித்தப்பாவிடம் அனுப்பிவிட்டாள்.

சித்தப்பா அவனை ஒரு ஃபவுண்டரியில் சேர்த்தார். மோட்டார் பம்புக்கு மணலில் அச்சு எடுத்து, அதில் காய்ச்சிய இரும்பை ஊற்றுகிற வேலை. பொங்கலுக்கு வந்தவனிடம் சம்பளம் எவ்வளவு என்று கேட்டேன்.

“அது கெடக்குதுங்கக்கா. அங்க பெரிய கெட்டில்ல டீ வருது. மேஸ்திரி குடிச்ச கிளாஸ அலசி எனக்குத் தாராங்க. நான் குடிச்சத அலசி அவருக்குத் தாராங்க.”

அந்தக் கிளாஸுக்காகவே அவன் ஆயுசு முழுக்க அங்கே இருந்தான். அச்சை உடைக்கும்போது மாவு மாதிரி தூசி பறக்கும். மூக்கில் துண்டு கட்டினால், “ஏன்டா, புதுப்பொண்ணு மாதிரி மொகத்த மூடிட்டு நிக்கற?” என்று கேலி செய்வார்களாம். இவன் கட்டவில்லை. கல்யாணம் செய்தான். எழில் பள்ளிக்கூடம் போகும் முன்பே மனைவி காய்ச்சலில் போய்விட்டாள். அவனுக்கு அரிசிம்பருப்புச் சோறு ஒன்றைத்தான் ஒழுங்காக ஆக்கத் தெரியும். அதையே ஆக்கிப்போட்டு மகனை வளர்த்தான். நாலு சுவர் வைத்து, மேலே தகரம் போட்டு, பிறகு தளமும் போட்டான். வேறு பெரிதாக ஒன்றும் செய்யவில்லை.

இருமல் வந்தது. முதலில் பார்த்த டாக்டர் டி.பி. என்று மாத்திரை கொடுத்தார். அதை முழுதாகச் சாப்பிட்டும் இளைப்பு கூடியது. நான் மிஷன் ஆஸ்பத்திரியில் கன்னியாஸ்திரிகளிடம் பயிற்சி எடுத்து, படுக்கையில் கிடப்பவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்த்துக்கொண்டவள். எனக்குச் சந்தேகம் வந்து பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். சளியைத் திரும்பத் திரும்பச் சோதித்தார்கள். டி.பி. கிருமி இல்லை. மணல் தூசி நுரையீரலில் படிந்து இறுகிவிட்டது, இதற்கு மருந்து கிடையாது, யாருக்கும் தொற்றவும் தொற்றாது என்றார் டாக்டர்.

வெளியே வந்ததும், “கேட்டீங்களாக்கா, தொத்தாதாம்” என்றான். மருந்து இல்லை என்பது அவன் காதில் ஏறவில்லை.

எழிலின் மனைவி மதிவதனி நல்ல பெண். மாமனாருக்குக் கஞ்சி காய்ச்சுவாள், துணியெல்லாம் துவைப்பாள், ஒரு முகச்சுளிப்பு கிடையாது. ஆனால் அவளுடைய அம்மா டி.பி.யில் ரத்தம் கக்கிச் செத்ததைச் சின்ன வயதில் பார்த்தவள். இடுப்பில் ஹர்ஷிணி என்று கைக்குழந்தை வேறு. டி.பி. என்று சொன்ன அன்றே அவள் ஒரு டம்ளரைத் தனியாக எடுத்து, அடியில் நகப்பாலீஷால் சிவப்பாக ஒரு பொட்டு வைத்து, ஜன்னல் திட்டில் வைத்துவிட்டாள். டி.பி. இல்லை என்று வந்து சொன்னோம். “சரிங்கம்மா” என்றாள். டம்ளர் திட்டிலேயே இருந்தது.

என் தம்பி கேட்டது ஒன்றுதான்.

“சாவறதப் பத்தி ஒண்ணும் இல்லீங்கக்கா. அந்தப் பொட்டு டம்ளர மட்டும் மாத்தச் சொல்லுங்க. நான் சொன்னா அந்தப் புள்ள அழுதுபோடும்.”

சொன்னேன். “அம்மணி, டி.பி.யா இருந்தாக்கூட அது டம்ளர்ல ஒட்டாது, காத்துலதான் வரும். இவனுக்கு அதுவும் இல்ல.”

“தெரியுதுங்கம்மா. கை வர மாட்டீங்குதுங்க.”

எழிலிடம் சொன்னேன். “பாக்கலாங்கத்தை” என்று போனை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

பேசிப் பயனில்லை என்று, ஒரு சாயங்காலம் மதிவதனி பார்க்க, தம்பி பாதி குடித்து வைத்த டீயை அதே டம்ளரில் நான் குடித்தேன். பார்த்தாவது பயம் தெளியட்டும் என்று நினைத்தேன். மறுநாள் காலையில் ஜன்னல் திட்டில் பொட்டு வைத்த டம்ளர் இரண்டு இருந்தன.

வேலுமணி அதைப் பார்த்துச் சிரித்தான். சிரிப்பு இருமலாகி உதடு நீலம் பாய்ந்துவிட்டது. முதுகைத் தடவி நிமிர்த்தி உட்காரவைத்தேன்.

“எனக்குத் துணை கெடச்சுப்போச்சுங்கக்கா” என்றான்.

பிறகு அவன் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆடி மாதம் ஒரு மத்தியானம் மூச்சு நின்றது. தலைமாட்டில் அந்த டம்ளர் பாதி டீயோடு இருந்தது.

படையலன்று எங்கள் சித்தப்பா மகன் செங்கோடன் கொட்டாங்குச்சிக் கதையைச் சொன்னான். அவன் கதையில் டீக்கடைக்காரர் பின்னாலேயே ஓடி வந்து, வேலுமணிக்குக் கண்ணாடி கிளாஸில் டீ கொடுத்தார். எல்லாரும் சிரித்தார்கள்.

“அப்படி நடக்கலியேடா” என்றேன்.

“இருக்கட்டும் உடுங்கக்கா. கேக்க நல்லாருக்குதில்ல.”

போட்டோ முன்னால் இலை போட்டு, அரிசிம்பருப்புச் சோறும் எண்ணெயில் சுட்ட வெல்லக் கச்சாயமும் வைத்தார்கள். மதிவதனி டீ கொண்டுவந்து வைத்தாள். பளபளவென்று தேய்த்த டம்ளர். வைக்கும்போது அடியில் சிவப்புப் பொட்டு தெரிந்தது.

“மாமாவோட டம்ளருங்க. ஊட்டுல ஆரையும் தொட உடாம எடுத்து வெச்சிருந்தேன்” என்றாள். கண் கலங்கியிருந்தது. நடிப்பில்லை.

“அவன் எப்பவுமே தனி டம்ளர்லதான் குடிப்பான். அத்தன சுத்தம்” என்றான் செங்கோடன். தெரிந்தவர்கள் போல நாலு பேர் தலையாட்டினார்கள்.

நான் மதிவதனியின் பக்கத்தில் போய், “வேற டம்ளர்ல ஊத்தி வை அம்மணி. நீங்க எல்லாரும் குடிக்கறதுல” என்றேன்.

“அவரோடதே இருக்கறப்ப வேற எதுக்குங்கம்மா?” என்று கேட்டாள். அவளுக்கு உண்மையாகவே விளங்கவில்லை. அதற்குள் எழில் கற்பூரம் ஏற்றிவிட்டான்.

காக்காய்க்குச் சோறு வைத்து, சாப்பிட்டு முடித்த பிறகு, தட்டத்தில் அடுக்கி எல்லாருக்கும் டீ வந்தது. எனக்கு மட்டும் மதிவதனி கையில் தனியாகக் கொண்டுவந்தாள்.

“உங்களுக்குச் சக்கரை கம்மியாப் போட்டிருக்கறனுங்கம்மா.”

டம்ளரைத் தூக்கி அடியைப் பார்க்கவில்லை. டீ சூடாக இருந்தது. ஆறுவதற்குள் குடித்தேன்.